வரிசையில் நிற்காதவர்கள்

காலை ஏழு மணி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் நூறு பேருக்கு மேல் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். பதிவு செய்யும் இடத்தில் இளம்பெண்கள் தலை நிமிராமல் பெயர், ஊர், வயது கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரமாக ஒருவர் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் நோயாளி இல்லை. எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வரிசை எப்படி நகர்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்டார். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் அவர். அப்படிப் பார்த்தும் கேட்டும் அவர் எழுதியது 1993-இல் அந்தப் பள்ளியின் கேஸ் ஸ்டடியாக வெளிவந்தது. மதுரைக்காரர்களுக்கு அன்றாடக் காட்சியான ஒரு வரிசையைப் பாஸ்டன் நகரத்து வகுப்பறையில் தொண்ணூறு மாணவர்கள் உட்கார்ந்து அலசத் தொடங்கினார்கள்.

மேலாண்மைக் கல்வியில் கேஸ் ஸ்டடியின் பயன் என்ன என்பதே இந்த அறக்கட்டளைப் பொழிவின் பொருள். நேர்வாய்வு, தனிநிலை ஆய்வு என்றெல்லாம் இதைத் தமிழாக்கியிருக்கிறார்கள். வகுப்பில் மாணவர் வாயில் புழங்குவது ‘கேஸ்’ என்ற சொல்தான் என்பதால் இங்கும் அதுவே இருக்கட்டும்.

கேஸ் என்பது என்ன? ஒரு நிறுவனம், அதில் முடிவெடுத்தாக வேண்டிய ஒருவர், அவர் கையில் அன்றைக்கு இருந்த தகவல்கள். பத்துப் பதினைந்து பக்கம் ஓடும். பின்னால் கணக்கு அட்டவணைகள் இருக்கும். கடைசிப் பக்கத்தில் விடை இருக்காது. நாளைக் காலை அவர் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் கதை நின்றுவிடும். அதற்குமேல் பேச வேண்டியவர்கள் மாணவர்கள். ஆசிரியர் முன்னறிவிப்பு இல்லாமல் யாராவது ஒருவரைப் பெயர் சொல்லி எழுப்புவார். எழுந்தவர் தன் முடிவையும் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். பின் வரிசையிலிருந்து ஒருவர் அதை மறுப்பார். எண்பது நிமிடம் இப்படியே போகும்.

இந்த முறையின் தாய்வீடு சட்டக் கல்லூரி. ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவராக 1870-இல் பொறுப்பேற்ற கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், சட்ட விதிகளை மனப்பாடம் செய்விப்பதை விட்டுவிட்டு நீதிமன்றத் தீர்ப்புகளையே மாணவர் கையில் கொடுத்தார். விதியை அவர்களே தோண்டி எடுக்கட்டும் என்பது அவர் எண்ணம். 1908-இல் தொடங்கிய பிசினஸ் ஸ்கூலுக்கு 1919-இல் தலைவராக வந்தவர் வாலஸ் டோனம். சட்டம் படித்து வங்கியில் வேலை பார்த்தவர். தான் படித்த முறையை அவர் வணிகத்துக்கு மாற்ற விரும்பினார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வணிகத்தில் யாரும் தீர்ப்பு எழுதி வைப்பதில்லை. கடைக்கும் ஆலைக்கும் போய்க் கேட்டுத்தான் எழுதியாக வேண்டும். அப்படி 1921-இல் எழுதப்பட்ட முதல் கேஸ் ஒரு செருப்புக் கம்பெனியைப் பற்றியது. ஆலை மூடும் நேரத்துக்கு முன்னாலேயே தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிடுகிறார்கள், ஏன் என்பதே பிரச்சினை. மொத்தமே ஒரு பக்கம்தான்.

இந்தியாவுக்குக் கேஸ் முறை வந்து சேர்ந்த வழி அகமதாபாத். 1961-இல் விக்ரம் சாராபாயும் கஸ்தூர்பாய் லால்பாயும் முன்னின்று அமைத்த இந்திய மேலாண்மைக் கழகம் ஹார்வர்டோடு கைகோத்தது. அதே ஆண்டில் தொடங்கிய கல்கத்தாக் கழகம் எம்.ஐ.டி.யோடு சேர்ந்து வேறு வழியில் போனது. 1965-இல் அகமதாபாத்தின் முதல் முழுநேர இயக்குநராக ரவி மத்தாய் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 38. லூயி கான் வரைந்த அந்தச் செங்கல் வளாகத்தின் வகுப்பறைகளில் மாணவர் இருக்கைகள் ஆசிரியரைச் சுற்றி லாட வடிவில் படிப்படியாக ஏறும். ஒருவர் பேசும்போது மற்றவர் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்க முடியும். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்காகப் போடப்பட்ட பெஞ்சுகளில் இந்தப் பேச்சு நடக்காது. அறையின் அமைப்பே பாடத்தில் பாதி.

வரலாறு இவ்வளவு போதும். கேஸ் ஒரு மாணவருக்கு எதைக் கற்றுத்தருகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. ‘முடிவெடுக்கும் திறன்’ என்று எல்லாக் கல்லூரி விளக்கக் குறிப்பேட்டிலும் அச்சடித்திருப்பார்கள். அது தவறில்லை, ஆனால் போதாது. கையில் கொடுத்த தகவலை வைத்து முடிவெடுக்கக் கணக்குப் புத்தகமே கற்றுக்கொடுத்துவிடும். கையில் கொடுக்காத தகவல் எது என்று கேட்கத் தோன்றுகிறதே, அந்தப் பழக்கத்தைத்தான் ஒரு நல்ல கேஸ் ஊட்டுகிறது. வகுப்பில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கார்ட்டர் ரேசிங் என்ற கேஸை நடத்திப் பார்க்க வேண்டும்.

ஜாக் பிரிட்டன், சிம் சிட்கின் என்ற இருவர் 1980-களில் எழுதியது அது. ஒரு கார் பந்தயக் குழு. பருவத்தின் முக்கியமான பந்தயம் தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது. முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தால் பெரிய விளம்பர ஒப்பந்தம் கிடைக்கும். இந்தப் பருவத்தில் ஓடிய 24 பந்தயங்களில் 7 முறை இன்ஜின் பழுதாகியிருக்கிறது. கேஸ்கட் விட்டுப்போகிறது. குளிர்தான் காரணமோ என்று ஒரு மெக்கானிக் சந்தேகப்படுகிறார். தலைமை மெக்கானிக்குக்கு அதில் நம்பிக்கை இல்லை. அன்று காலை வெப்பநிலை 40 டிகிரி பாரன்ஹீட். கேஸில் ஒரு படம் இருக்கிறது. பழுதான 7 பந்தயங்களும் எந்தெந்த வெப்பநிலையில் நடந்தன என்று அதில் புள்ளி வைத்துக் காட்டியிருப்பார்கள். 53 டிகிரியில் பழுதாகியிருக்கிறது, 75 டிகிரியிலும் பழுதாகியிருக்கிறது. பார்த்தால் வெப்பத்துக்கும் பழுதுக்கும் தொடர்பே இல்லை என்றுதான் தோன்றும்.

மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து கணக்குப் போடுவார்கள். வென்றால் இவ்வளவு, தோற்றால் இவ்வளவு, நிகழ்தகவு இவ்வளவு. பெரும்பாலான குழுக்கள் பந்தயத்தில் இறங்கலாம் என்றே வாக்களிக்கும். ஆசிரியர் நடுநடுவே ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: வேறு தகவல் வேண்டுமானால் கேளுங்கள். அதிகம் பேர் கேட்பதில்லை. கேட்டிருந்தால், பழுதாகாத பந்தயங்கள் எந்த வெப்பநிலையில் நடந்தன என்ற இன்னொரு படம் கிடைத்திருக்கும்.

அப்புறம்தான் ஆசிரியர் இது எந்தக் கதை என்று சொல்வார். 1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்வெளி ஓடம். புறப்பட்ட 73-ஆவது வினாடியில் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். முதல் நாள் இரவு ராக்கெட் செய்த கம்பெனியின் பொறியாளர்கள், குளிரில் ராக்கெட் இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று தொலைபேசியில் மன்றாடினார்கள். கேஸில் உள்ள புள்ளிகள் எல்லாம் சேலஞ்சர் உள்ளிட்ட விண்வெளி ஓடங்களின் முந்தைய பயணங்களின் புள்ளிகள். விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் செய்தது எளிய வேலைதான். பழுது இல்லாமல் திரும்பிய பயணங்களையும் அதே படத்தில் வைத்துப் பார்த்தது. 66 டிகிரியிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் மூன்றில்தான் வளையம் பழுதாகியிருந்தது. அதற்குக் கீழே நடந்த நான்கு பயணங்களிலும், ஒன்றுகூட மிச்சமில்லாமல், பழுது இருந்தது. சேலஞ்சர் புறப்பட்ட நேரத்தில் வெப்பநிலை 36 டிகிரி.

இந்தக் கட்டத்தில் வகுப்பு ஓய்ந்துபோகும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கைதூக்கி ‘இறங்கலாம்’ என்றவர்கள் தாங்கள் எதற்குச் சம்மதம் சொன்னோம் என்று உணரும் நேரம் அது. புள்ளியியல் பாடத்தில் இதே செய்தியை ‘மாதிரித் தேர்வில் பிழை’ என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். மாணவர் எழுதிக்கொள்வார், தேர்விலும் எழுதுவார், அதோடு மறந்தும் போவார். தானே கைதூக்கிய தவறை மறப்பது கடினம். ஒரே உண்மையைச் சொல்லிக்கொடுப்பதற்கும் பட்டுத் தெரிந்துகொள்ளவைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். விண்ணோடத்தைப் பணயம் வைக்காமல், ஓர் அறைக்குள், எண்பது நிமிடத்தில் பட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

கேஸ் எழுதுபவரே தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கேஸ் இருக்கிறது. 1959-இல் அமெரிக்காவுக்கு இறக்குமதியான மோட்டார் சைக்கிள்களில் 49 சதவீதம் பிரிட்டிஷ் வண்டிகள். 1973-இல் அவர்கள் பங்கு 9 சதவீதமாகச் சுருங்கியது. அந்த இடத்தை ஹோண்டா பிடித்துக்கொண்டது. ஏன் என்று ஆராயச் சொல்லி பிரிட்டிஷ் அரசு பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தைக் கேட்டது. 1975-இல் அறிக்கை வந்தது. ஜப்பானியர்கள் உள்நாட்டில் சின்ன வண்டிகளைப் பெருமளவில் தயாரித்து, செலவைக் குறைத்து, அந்த பலத்தோடு அமெரிக்காவில் திட்டமிட்டுக் கீழ்த்தட்டிலிருந்து நுழைந்தார்கள் என்றது அறிக்கை. இதை வைத்து கேஸ் எழுதினார்கள். பள்ளிக்குப் பள்ளி, தொலைநோக்குத் திட்டத்துக்கு உதாரணம் ஹோண்டா என்று பாடம் நடந்தது.

ரிச்சர்ட் பாஸ்கேல் என்பவருக்கு அதில் நிறைவில்லை. 1982-இல் ஜப்பானுக்குப் போய், அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இறங்கிய ஹோண்டா அதிகாரிகள் ஆறு பேரை உட்காரவைத்துப் பேசினார். அவர்கள் சொன்னது முற்றிலும் வேறு கதை. அமெரிக்காவில் விற்றுப் பார்க்கலாம் என்ற எண்ணத்தைத் தவிர அவர்களிடம் திட்டம் ஏதும் இல்லை. ஜப்பான் நிதி அமைச்சகம் அனுமதித்தது இரண்டரை லட்சம் டாலர், அதில் ரொக்கமாக எடுத்துப்போக முடிந்தது 1,10,000 மட்டும். லாஸ் ஏஞ்சலிஸில் மாதம் 80 டாலருக்கு ஒரு வீடு. இருவர் தரையில்தான் படுத்தார்கள். பெரிய வண்டிதான் போகும் என்று நம்பினார்கள். அவற்றின் ஹேண்டில்பார் புத்தரின் புருவம்போல வளைந்திருப்பதால் அமெரிக்கர்களுக்குப் பிடிக்கும் என்று சோய்ச்சிரோ ஹோண்டாவே சொன்னாராம். அமெரிக்கர்கள் அந்த வண்டிகளை வாங்கி, ஜப்பான் சாலைகளில் யாரும் ஓட்டாத வேகத்திலும் தூரத்திலும் ஓட்டினார்கள். எண்ணெய் ஒழுகியது, கிளட்ச் போனது. பழுதான வண்டிகளை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்குவதிலேயே கைப்பணம் கரைந்தது. அந்த நெருக்கடியில், கடைத்தெருவுக்குப் போய்வர அவர்களே ஓட்டிக்கொண்டிருந்த 50 சி.சி. சூப்பர் கப் வண்டியைத் தெருவில் பார்த்தவர்கள் ‘இது எங்கே கிடைக்கும்?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். சியர்ஸ் என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்திலிருந்துகூட விசாரித்தார்கள். வேறு வழியில்லாமல்தான் சின்ன வண்டியை விற்கத் தொடங்கினார்கள்.

பாஸ்கேல் 1984-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதற்குள் ஹார்வர்டில் ஹோண்டாவுக்கு ஏ, பி என்று இரண்டு கேஸ்கள் ஆகிவிட்டன. இரண்டையும் அடுத்தடுத்த நாள் நடத்துவதே இதன் சிறப்பு. முதல் நாள் மாணவர்கள் அழகான வியூகம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பூரிப்போடு வெளியேறுவார்கள். மறுநாள் அந்த வியூகம் நடந்து முடிந்த பிறகு தைக்கப்பட்ட சட்டை என்று தெரியும். வெற்றி பெற்ற எந்த நிறுவனத்தின் கதையைக் கேட்டாலும் இந்த இரண்டாம் நாள் வகுப்பு நினைவுக்கு வர வேண்டும். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001 டிசம்பரில் திவாலாகும்வரை அதைப் புதுமைக்கு முன்மாதிரியாகக் காட்டும் கேஸ்கள் வகுப்புகளில் நடந்துகொண்டிருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கேஸ் முறையைக் குறைசொல்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஒரு நாள்கூட நிறுவனத்துக்குள் கால்வைக்காத இளைஞர், இருபது பக்கம் படித்துவிட்டு அதன் தலைவருக்கு யோசனை சொல்லப் பழகுவது ஆபத்து என்று மேலாண்மைப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். அந்த எச்சரிக்கை நியாயமானது. இருபது பக்கத்தை முழு உண்மை என்று நம்பினால்தான் ஆபத்து. இருபது பக்கத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்க அதே பக்கங்களால் பழக்க முடியும் என்பதற்குக் கார்ட்டரும் ஹோண்டாவும் சாட்சி.

இனி மதுரைக்குத் திரும்பலாம். அரவிந்த் கேஸ் படித்தவர்களின் நினைவில் முதலில் நிற்பவர் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயிருந்தும் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-க்குள் 36 லட்சத்து 50 ஆயிரம் பேரின் கண்களைப் பரிசோதித்து, ஏறத்தாழ 3,35,000 கண்புரை அறுவைகளைச் செய்திருந்தார்கள். அதில் 70 சதவீதம் போல இலவசம். காசு கொடுப்பவர் கொடுக்கும் தொகையிலேயே கொடுக்க இயலாதவருக்கும் வைத்தியம் நடந்தது.

அது எப்படி முடிந்தது என்பதை அறுவை அரங்கில் பார்க்கலாம். இரண்டு மேசைகள் பக்கத்தில் பக்கத்தில். முதல் மேசையில் ஒரு கண் முடிகிறபோதே இரண்டாவது மேசையில் அடுத்தவர் கண் சுத்தம் செய்யப்பட்டு, மரத்துப்போகும் ஊசி போடப்பட்டுத் தயாராக இருப்பார். மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். கட்டுப் போடுவது, கருவி எடுத்துக்கொடுப்பது, நோயாளியை அழைத்துவருவது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள் பொறுப்பு. மருத்துவரின் ஒரு நிமிடம்கூடக் காத்திருப்பில் போகாது. பாஸ்டன் மாணவர்கள் இதை ஆலை உற்பத்தி முறையாகப் பார்த்து வியந்தார்கள். அது சரியான வியப்புதான்.

லென்ஸ் பற்றிய விவாதமும் வகுப்பில் சூடாக நடக்கும். அந்தக் காலத்தில் இலவச அறுவை செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் ஊர் திரும்பினார்கள். கண்ணாடி உடைந்தால் பார்வையும் போனதுபோலத்தான். கண்ணுக்குள் பதிக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் நூறு டாலரை ஒட்டிய விலை. ஒரு மருத்துவமனை லென்ஸ் தொழிற்சாலை நடத்தலாமா? தனக்குத் தெரிந்த தொழிலை விட்டு வெளியே போகாதே என்று பாடப்புத்தகம் சொல்லும். அரவிந்த் 1992-இல் ஆரோலாப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி, விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கி, பிறகு இன்னும் கீழே கொண்டுபோனது.

இந்த இடத்தில் ஒரு மாணவர் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஏழு மணிக்கு வரிசையில் நின்ற நூறு பேரையும் எண்ணியாகிவிட்டது. வரிசைக்கு வராதவர்கள் எத்தனை பேர்?

அந்தக் கேள்வியை அரவிந்தைச் சேர்ந்தவர்களே கேட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எல்லாவற்றையும்விட உயர்ந்த பகுதி. ஊர் ஊராக முகாம் போட்டு, பஸ் அனுப்பி, சோறு போட்டு, இலவசமாக அறுவை செய்து அனுப்பிய பெருமையில் அவர்கள் நின்றுவிடவில்லை. முகாம் நடந்த ஊர்களிலேயே வீடு வீடாகப் போய் விசாரித்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. கண்ணில் கோளாறு இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம் மட்டுமே. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். துணைக்கு வர ஆள் இல்லை, ஒரு நாள் கூலி போகும், வயசானால் கண் இப்படித்தான் மங்கும் என்ற நினைப்பு, அறுவை என்றதும் பயம். இலவசம் என்ற ஒரு சொல்லால் தீராத காரணங்கள் இவை. 2004 முதல் சிற்றூர்களை ஒட்டிய சின்ன நகரங்களில் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதிப்பார், தூரத்தில் உள்ள மருத்துவர் கணினித் திரையில் பார்த்துப் பேசுவார். இன்று அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. முகாமுக்கு ஒரு நாள் என்று காத்திருந்த நிலை போய், நடந்தோ டவுன் பஸ்ஸிலோ போய்வரும் தூரத்தில் தினமும் கண் காட்டலாம் என்றானது.

1993 கேஸை மட்டும் படித்தவர் கச்சிதமான ஓர் அமைப்பைக் கண்டு கைதட்டுவார். அதோடு 1999 ஆய்வையும் சேர்த்துப் படிப்பவர் ஒரு நிர்வாகி தன் வெற்றியை எப்படிச் சந்தேகிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்வார். இரண்டாவது பாடம் இல்லாமல் முதல் பாடம் குறைபட்டது.

நம் கல்லூரிகளில் நிலைமை என்ன? பல பல்கலைக்கழக எம்.பி.ஏ. வினாத்தாள்களில் கடைசிப் பகுதி கேஸ் ஸ்டடி. கட்டாய வினா. அரைப் பக்கத்தில் ‘எக்ஸ் ஒய் இசட் லிமிடெட்’ என்று பெயரில்லாத ஒரு கம்பெனி வரும். மேலாளருக்கும் தொழிலாளருக்கும் தகராறு என்று நான்கு வரி. கீழே மூன்று கேள்விகள். விடைத்தாள் திருத்துபவருக்கு ‘எதிர்பார்க்கப்படும் விடை’ என்று ஒரு தாள் உண்டு. மாணவர் அதற்குள் வரும் சொற்களை எழுதிவிட்டால் மதிப்பெண் விழும். அந்தக் கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்க அதில் ஒன்றும் இல்லை. வகுப்பில் நடத்தப்படுவதும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கேஸின் ஜெராக்ஸ். அதன் ‘தீர்வு’ இணையத்தில் கிடைக்கிறது. அறுபது பேரில் ஐந்து பேர் பேசுவார்கள், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். ஒரு முடிவுக்கு வாதாட வேண்டிய மாணவரைக் குறிப்பெடுக்கவைத்தால் கேஸின் உயிர் போய்விடுகிறது. ஆசிரியர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஒரு நல்ல கேஸ் எழுத மாதக்கணக்கில் ஆலைக்கு அலைய வேண்டும், கணக்கைக் காட்டச் சொல்லிக் கெஞ்ச வேண்டும், நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாரம் பதினாறு மணி நேரம் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு அந்த நேரத்தை யார் தருகிறார்கள்?

தர வேண்டும். ஏனென்றால் எழுதப்படாத கேஸ்கள் பக்கத்திலேயே கிடக்கின்றன. திருப்பூரை எடுத்துக்கொள்ளலாம். பின்னலாடை ஏற்றுமதி வளர வளர, சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கியது. சென்னிமலைப் பக்கம் பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையானது. கீழே இருந்த விவசாயிகள் அணை வேண்டும் என்று கேட்ட காலம் போய், அணையின் தண்ணீரைத் திறக்காதே என்று போராடும் நிலை வந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றில் விடக்கூடாது என்று 2006-இல் உத்தரவு. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது நீதிமன்றம். நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன.

ஏற்றுமதி எவ்வளவு, எத்தனை பேருக்கு வேலை, வங்கிக் கடன் எவ்வளவு என்று அட்டவணை போட ஏராளமான எண்கள் கிடைக்கும். அவை ஏழு மணி வரிசையின் எண்கள். உப்பேறிய கிணற்றின் எண், விதைக்காமல் விட்ட ஏக்கரின் எண், பட்டறை மூடியதும் மூட்டையைக் கட்டி ரயில் ஏறிய வெளியூர்த் தொழிலாளியின் எண் எந்த நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பிலும் இருக்காது. மாணவர்கள் திருப்பூர் ஆலைக்குப் போவதோடு ஒரத்துப்பாளையத்துக்கும் போய்க் கேட்டுத்தான் அதைச் சேர்க்க முடியும். வகுப்பில் அறுபது நாற்காலியில் சிலவற்றை முதலாளிக்கும், சிலவற்றை வங்கி மேலாளருக்கும், சிலவற்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளருக்கும் ஒதுக்கினால், மீதி நாற்காலிகளில் அந்த விவசாயியும் அந்தத் தொழிலாளியும் உட்கார வேண்டும்.

கேஸ் எங்கே தொடங்கும் என்பதும் தெளிவு. ஜனவரி 28 இரவு. ஒரு பட்டறை உரிமையாளர் செய்தி கேட்டுவிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். சாய இயந்திரத்துக்குள் பாதி நனைந்த துணி. தூத்துக்குடியில் கப்பல் ஏற இன்னும் பத்து நாள். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வாங்கிய கடனில் மூன்று தவணை பாக்கி. நாற்பது தொழிலாளிகள். மனைவியின் அண்ணனுக்கு நொய்யல் கரையில் நான்கு ஏக்கர். நாளைக் காலை அவர் முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும்?